பெரிய பகா எண்ணைத் தேடி ஓர் ஆயுள்: இதெல்லாம் எதுக்கு?

1978 அக்டோபர் 30. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், லாண்டன் கர்ட் நோல், லாரா நிக்கல் என்ற 18 வயது மாணவர்கள் இருவர், ஹேவர்டு பல்கலைக்கழகக் கணினியில் ஓடவிட்ட புரோகிராம் பதில் சொன்னது. 21,701 இரண்டுகளைப் பெருக்கி 1-ஐக் கழித்தால் வரும் 6,533 இலக்க எண், பகா எண்தான்! அதுவரை அறியப்பட்டதிலேயே பெரியது அதுதான். நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் செய்தி போட்டது.

1-ஆலும் தன்னாலும் மட்டுமே வகுபடுவது பகா எண் என்பது பள்ளிப் பாடம். ஆனால், இவ்வளவு பெரிய எண்ணை ஒவ்வொன்றாக வகுத்துப் பார்ப்பது நடக்கிற காரியமா? அங்கேதான் லூகாஸ்-லெமர் சோதனை வருகிறது. 31-ஐ எடுத்துக்கொள்வோம்; ஐந்து இரண்டுகளைப் பெருக்கி 1-ஐக் கழித்தது. 4-இல் தொடங்க வேண்டும். வர்க்கப்படுத்தி 2-ஐக் கழித்தால் 14. மறுபடி அதையே செய்தால் 194. 31-ஆல் வகுக்க மீதி 8. இன்னொரு முறை செய்தால் 62, மீதி 0. ஐந்துக்கு மூன்று சுற்று. கடைசியில் பூஜ்யம் வந்தால் பகா எண். அவ்வளவுதான். நோல் எண்ணுக்கோ 21,699 சுற்று! நடுவில் ஓர் இலக்கம் பிசகினாலும் மொத்த உழைப்பும் வீண்.

அதோடு அவர் நிறுத்தவில்லை. 1979 பிப்ரவரியில் தனியாக இன்னொன்றைப் பிடித்தார். இரண்டே மாதத்தில், கிரே கணினி வைத்திருந்த டேவிட் ஸ்லோவின்ஸ்கியும் ஹாரி நெல்சனும் அதை முறியடித்தார்கள். பத்து வருஷம் கழித்து, 1989-இல், ஆம்டால் நிறுவனத்தில் ஐந்து சகாக்களுடன் நோல் மீண்டும் வந்தார். 65,087 இலக்கம், பழைய சாதனையைவிட வெறும் 37 இலக்கம்தான் கூடுதல். ஆனாலும் 1992 வரை நின்றது.

சரி, பயன்? இணையப் பாதுகாப்புக்கு உதவும் என்று பலர் எழுதுகிறார்கள். அது சரியில்லை. வங்கிப் பரிவர்த்தனையைக் காக்கும் ஆர்எஸ்ஏ பூட்டுக்கு 300 இலக்கச் சொச்சம் போதும். அதுவும் ரகசியமாக இருக்க வேண்டும். உலகத்துக்கே தெரிந்த எண்ணை வைத்துப் பூட்டுப் போட முடியுமா? உண்மையான லாபம் வேறிடத்தில். புதுக் கணினிகளின் கோளாறைக் கண்டுபிடிக்க இந்தக் கணக்கு நல்ல உரைகல். 2016-இல் இன்டெல் ஸ்கைலேக் சிப்பில் இருந்த பிழையை வெளிக்கொண்டுவந்தது, ஜார்ஜ் வோல்ட்மன் எழுதிய பிரைம்95 புரோகிராம்தான்.

இந்த வேட்டையில் இன்று பணமும் கலந்துவிட்டது. 2024 அக்டோபரில், என்விடியா முன்னாள் ஊழியர் லூக் டுரான்ட் 4,10,24,320 இலக்க எண்ணைக் கண்டுபிடித்தார். அதற்கு 17 நாடுகளின் டேட்டா சென்டர்களில் இருந்த கணினிகள் உழைத்தன. வீட்டுக் கணினியில் பொழுதுபோக்காகத் தேடுகிறவர்களுக்கு இது கொஞ்சம் கசக்கத்தான் செய்யும். பரிசுத்தொகை 3,000 டாலர். அதைத் தான் படித்த அலபாமா பள்ளிக்கே கொடுப்பதாகச் சொல்லிவிட்டார். 10 கோடி இலக்க எண்ணுக்கு 1,50,000 டாலர் பரிசு காத்திருக்கிறது.