டிரைவர் ஓட்டம்! ஓடினால் தப்ப முடியுமா?

தாம்பரம்–

ஜி.எஸ்.டி. ரோட்டில் விபத்து என்றால் செய்தியின் கடைசி வரி பெரும்பாலும் ஒன்றுதான். "டிரைவர் தப்பி ஓட்டம். போலீசார் தேடி வருகிறார்கள்."

பல்லாவரம் முதல் வண்டலூர் வரை ரோட்டை ஒட்டியே ரெயில் நிலையங்கள். இறங்குகிற கூட்டத்தில் பாதிப் பேர் ரோட்டைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போகவேண்டும். பஸ், லாரி, மோட்டார் சைக்கிள் எல்லாம் அதே ரோட்டில்தான்.

டிரைவர் ஏன் ஓடுகிறார்? பல சமயம் ஜெயிலுக்குப் பயந்து அல்ல; உதைக்குப் பயந்து! யார் மீது தப்பு என்று கேட்பதற்குள் கண்ணாடி உடைகிறது. பெரிய வண்டிமேல்தான் குற்றம் என்பது கூட்டத்தின் தீர்ப்பு.

இது சட்டத்துக்கும் தெரியும்.

24 மணி நேரம் கெடு

1988-ம் ஆண்டு மோட்டார் வாகன சட்டத்தின் 134-வது பிரிவுப்படி, அடிபட்டவரை டிரைவர் ஆஸ்பத்திரியில் சேர்க்கவேண்டும். கூட்டம் ஆத்திரத்தில் அடிக்க வந்தால் அதற்கு விலக்கு உண்டு. ஆனால் அது வீட்டுக்கு ஓடுவதற்கு அல்ல! பக்கத்து போலீஸ் நிலையத்துக்குப் போய் நடந்ததைச் சொல்லவேண்டும். ஏன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லை என்பதையும் சொல்லவேண்டும். கெடு 24 மணி நேரம். போகிற வழியில் 108-க்கு போன் செய்ய யார் தடுத்தது?

சொல்லாமல் மறைந்தால் 6 மாதம் வரை ஜெயில், அல்லது 5 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். விபத்து வழக்கு தனி.

உயிர்ப்பலி ஏற்படுத்திவிட்டுச் சொல்லாமல் ஓடினால் 10 ஆண்டு வரை ஜெயில் என்று புதிய குற்றச் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்த்தார்கள். 2024 ஜனவரியில் லாரி டிரைவர்கள் பல மாநிலங்களில் ஸ்டிரைக்கில் குதித்தார்கள். பெட்ரோல் பங்க்குகளில் நீண்ட கியூ. ஜூலை 1-ந் தேதி சட்டம் அமலுக்கு வந்தபோது அந்தப் பிரிவு மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டது. அலட்சியமாக ஓட்டி உயிர் போனால் 5 ஆண்டு வரை ஜெயில் என்ற பிரிவு அன்றே அமலுக்கு வந்துவிட்டது.

500 ரூபாய் பேரம்

லாரிக்காரர் கதை நமக்கு எதற்கு என்று ஸ்கூட்டர்காரர் நினைக்கலாம். முடிச்சூர் ரோட்டில் ஒரு முதியவரை ஸ்கூட்டர் இடித்துவிட்டது என்று வையுங்கள்.

"ஒண்ணும் இல்லே தம்பி" என்று எழுந்துவிடுகிறார். "டீ சாப்பிடுங்க பெரியவரே" என்று 500 ரூபாயைக் கையில் திணித்துவிட்டு, ஸ்கூட்டர்காரர் ஆபீசுக்குப் பறக்கிறார்.

சாயங்காலம் பெரியவருக்கு வாந்தி, மயக்கம். தலைக்குள் கசியும் ரத்தம் உடனே வெளியே தெரியாதே! மகன் புகார் கொடுக்கிறார். கேமராவில் நம்பர் சிக்குகிறது. இப்போது அவர் மோதிவிட்டு ஓடியவர்! 500 ரூபாய்க்கு ரசீது ஏது?

காலையிலேயே பெரியவரை டாக்டரிடம் காட்டி, போலீசிலும் சொல்லியிருந்தால் அந்தப் பெயர் வந்திராது. போலீஸ் சீட்டு வரட்டும் என்று டாக்டரும் காத்திருக்கக் கூடாது. அதுவும் 134-வது பிரிவில்தான் இருக்கிறது. செலவுக்குப் பயப்படுகிறவர்களுக்கு: முதல் 48 மணி நேர சிகிச்சையை, பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிகளில் இலவசமாகக் கொடுக்கும் திட்டத்தை 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கியது.

இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்து மூலம் தெரிவிக்கவேண்டும். பாலிசி நம்பர், நாள், நேரம், இடம், அடிபட்டவர் விவரம், டிரைவர் பெயர் எல்லாம் அதில் இருக்கவேண்டும்.

சுற்றி நிற்பவர்களுக்கும் ஒரு சேதி. 2019-ல் சேர்த்த 134-ஏ பிரிவுப்படி, நல்லெண்ணத்தோடு அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு போகிறவர்மீது வழக்குப் போட முடியாது. பேர், விலாசம்கூடச் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை.