பொறியும் தமிழ் பேசுக!

தறியின் ஒவ்வோர் உறுப்பையும் தமிழால் அழைக்கும் ஊர் காஞ்சி. பாவு, ஊடை, விழுது, அச்சு, கோர்வை என்னும் சொற்களைப் பள்ளி வாயிலை மிதியாத நெசவாளியும் பிழையறச் சொல்வான். தறியின் பழுதைத் தமிழிலேயே உணர்வான். தமிழிலேயே தன் மகனுக்கு உணர்த்துவான். கைத்தறிக்குப் போட்டியாய் வந்த பொறியையும் 'விசைத்தறி' என்று தமிழாலேயே வழங்குகின்றோர் இம்மக்கள். ஆயின், அதே தெருக்களில் ஓடும் சரக்குந்தின் ஓட்டுநர் முன்னே 'பி.டி.ஓ.' என்னும் மூன்று ஆங்கில எழுத்துகளே நிற்கின்றன. விசைத்தறி என்று வாயாரச் சொல்லும் மக்களுக்கு 'விசையெடுப்பி' என்று சொல்ல நா எழாதா?

விசையெடுப்பி என்பது யாது? உந்துபொறியின் விசை, 'கியர் பெட்டி' என்று பட்டறையார் வழங்கும் பல்லிணைப் பெட்டியின் வழியே உருளிகளைச் சேர்கின்றது. அப்பெட்டியின் பக்கத்தே மூடித் தகட்டால் அடைக்கப்பெற்ற வாயில் ஒன்றுண்டு. மூடியைக் கழற்றி, உள்ளே சுழலும் பல்லிணையோடு பல் பொருந்துமாறு ஒரு சிறுபெட்டியைப் பூட்டினால், விசையின் ஒரு கூறு வெளியே கிட்டும். கல்லும் மணலும் கொட்டும் 'டிப்பர்' வண்டியின் பெட்டியை உயர்த்துவதும், தீயணைப்பு வண்டியின் நீரெக்கியைச் சுழற்றுவதும், கழிவுநீர் வண்டியின் உறிஞ்செக்கியை இயக்குவதும் பெரும்பாலும் இவ்விசையே.

பூட்டுதல் எளிய வேலை போலத் தோன்றும், அன்று. முதற்கண் பெட்டியின் எண்ணெயை வடித்தல் வேண்டும். இரு பல்லிணைகளுக்கும் நடுவே விடும் இடைவெளி பொதுவாக 0.15 முதல் 0.30 மில்லிமீட்டர் வரையே இருக்கலாம். செய்தோர் நூலில் குறித்த அளவே முடிந்த அளவு. இடைவெளி குறைந்தால் பல் ஊளையிடும், மிகுந்தால் கடகடக்கும். இறுகிய பாவு அறும், தளர்ந்த பாவு சிக்கும் என்பதை அறிந்த காஞ்சிக்கு இவ்வுண்மை புதிதன்று. அளவைச் சீர்செய்வன இடைத்தாள்களே. அவற்றை விடுத்துப் பசை தடவி முடுக்குவது பல்லிணைக்குக் கேடு. எண்ணெயை மீள நிரப்பிச் சிறிது ஓட்டியபின், ஒழுக்கு உண்டா என நோக்கித் திருகாணிகளை மீண்டும் இறுக்குதலும் கடன்.

இயக்குங்கால் வண்டி நிற்றல் வேண்டும். கைத்தடை போட்டிருத்தல் வேண்டும். 'கிளட்ச்' என்னும் விடுபற்றியை மிதித்தே விசையெடுப்பியை இணைத்தல் வேண்டும். பணி முடிந்ததும் அதனை விடுவிக்காது ஓட்டினால், எக்கி அளவிறந்த விரைவில் சுழன்று கெடும். கட்டுப்பாட்டு ஓரதரும் பிசகியிருப்பின், பெட்டி தானே எழுந்து மின்கம்பியிலோ பாலத்திலோ மோதும். சுழலும் தண்டு வேட்டி முனையையும் தோள்துண்டையும் பற்றி இழுக்கும். உயர்த்திய பெட்டியின் கீழ் முட்டுக் கொடாது நுழைந்தவன் மீள்வது அரிது. இத்தனை எச்சரிக்கையும் ஆங்கிலத்தில் அச்சிடப்பெற்றால் யாருக்குப் பயன்? ஆங்கிலச் சொல் ஆளைக் கொல்வதில்லை. படிக்கவியலாத எச்சரிக்கை கொல்லும்.

மற்றொன்றும் எண்ணத்தக்கது. கழிவுநீர் வண்டியின் எக்கி, கலத்தினுள்ளிருந்து காற்றை வெளியேற்றுகின்றது. புறக்காற்றின் அழுத்தம் குழியின் கழிவைக் குழாய் வழியே மேலேற்றுகின்றது. குழிக்கும் மாந்தனுக்கும் நடுவே நிற்கும் காவல் அது. கழிவை மாந்தர் கையால் அகற்றும் இழிவைத் தடுக்கும் சட்டம் 2013இல் பிறந்தது. சாக்கடைக் குழியில் மாண்டோர் குடும்பத்திற்கு 10 இலக்கம் உருபா தருமாறு 2014இல் ஆணையிட்ட உச்சநயன்மன்றம், 2023இல் அதனை 30 இலக்கமாக உயர்த்தியது. ஆணை கடுமையானதேயன்றிச் சாவு நின்றபாடில்லை. பழுதுற்ற பொறியைச் சீர்செய்யத் தெரியாதவிடத்து, குழிக்குள் இறக்கப்படுபவன் ஏழைத் தமிழனே. ஆகலின் பொறியறிவு இங்கே உயிர்காப்பு என்க.

'மூன்றெழுத்தை மனப்பாடம் செய்தால் போதுமே' என்பாருளர். பெயரை மனப்பாடம் செய்யலாம். ஏதுவை மனப்பாடம் செய்யவியலாது. ஏன் விடுவிக்க வேண்டும், எப்பொழுது விடுவிக்க வேண்டும் என்னும் அறிவு தாய்மொழியிலேயே ஆழ வேரூன்றும்.

தமிழால் இயலாது என்பதும் பழங்கதை. 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் கற்பிக்கத் தொடங்கியது. 1948இல் நிறுவப்பெற்று, 1955இல் அசோக் லேலண்ட் எனப் பெயர்கொண்ட நிறுவனம் எண்ணூரில் உந்து செய்த வரலாறும் தமிழ்நாட்டினதே. செய்யும் கை தமிழ்க்கை. ஓட்டும் கை தமிழ்க்கை. நடுவே நிற்கும் எழுத்து மட்டும் அயலெழுத்தாவதேன்?

சரக்குந்து செய்வோர் எச்சரிக்கைப் பலகையையும் கையேட்டையும் தமிழில் தருக. தொழிற்பயிற்சி நிலையங்கள் தமிழில் கற்பிக்க. உரிமையாளர் ஓட்டுநருக்குப் பயிற்சியளிக்காது வண்டியை ஒப்படையாதிருக்க. அண்ணா பிறந்த காஞ்சி இதற்கு முதலடி எடுத்து வைக்கட்டும். கோயில் வாயிலிலும் மேடையிலும் மட்டும் முழங்கும் தமிழ் போதாது. பட்டறையின் எண்ணெய்க் கறையிலும் தமிழ் படிதல் வேண்டும்!