பலகை மிதக்கட்டும், தொலைந்துபோக வேண்டாம்

மாணவர்களே, சென்ற ஆண்டு அறிவியல் விழாவுக்காக மூன்றாம் படிவ மாணவி ஒருத்தி ஒளிச்சேர்க்கை பற்றிச் சுவரொட்டி தயாரித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக் கணினிக்கூடத்தில், படம் வரையும் மென்பொருள் ஒன்றில் வேலை. முதல் நாள் கணினியோடு புரொஜெக்டர் இரண்டாவது திரையாக இணைக்கப்பட்டிருந்தது. படத்தின் அடுக்குகளைக் காட்டும் சிறிய பலகையை அவள் இழுத்து அந்தப் பெரிய திரையில் வைத்துக்கொண்டாள். மறுநாள் புரொஜெக்டரை வேறு வகுப்புக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மென்பொருளைத் திறந்தால் பலகையைக் காணோம். மெனுவில் பார்த்தால் அது திறந்திருப்பதாகச் சரி அடையாளம் இருக்கிறது!

அவள் யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து, கையால் வரைந்த சுவரொட்டியோடு என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். "கம்ப்யூட்டரை நான்தான் கெடுத்துட்டேன் போல, டீச்சர்."

அந்தப் பேச்சுதான் என்னை இதை எழுத வைத்தது. அவள் எதையும் கெடுக்கவில்லை. நடந்தது வெறும் ஆயத்தொலைவுக் கணக்கு. எங்கள் கணினித் திரையின் அகலம் 1366 பிக்சல். புரொஜெக்டர் அதன் வலப்புறம் தொடர்ந்தது. பலகை இருந்த இடம் எக்ஸ் அச்சில் 1900 என்று வைத்துக்கொள்ளுங்கள். மென்பொருள் அந்த எண்ணைப் பத்திரமாக நினைவில் வைத்துக்கொண்டது. மறுநாள் அச்சு 1366இல் முடிந்துவிட்டது. மென்பொருளோ பலகையை மீண்டும் 1900இலேயே வைத்தது. பலகை அங்கேதான் இருந்தது. பார்ப்பதற்குத் திரைதான் இல்லை.

இப்படிப்பட்ட பலகைகளை வைப்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, முதன்மைச் சாளரத்தின் ஓரத்தோடு சேர்த்துப் பொருத்துவது. ஆங்கிலத்தில் இதை 'டாக்' என்கிறார்கள். கிள்ளான் துறைமுகத்தில் கப்பலைக் கொண்டுவந்து கட்டுவதற்கும் அதே சொல்தான். ஆகவே நான் இதைக் கட்டிய பலகை என்பேன். மற்றொன்று மிதக்கும் பலகை. அது தனிச் சிறு சாளரமாக, இழுத்த இடத்தில் நிற்கும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மென்பொருளை முதன்முறை திறக்கும்போது எல்லாப் பலகைகளும் கட்டியே இருக்க வேண்டும். மிதக்க விடுவது பயனர் தெரிந்து எடுக்கும் முடிவாக இருக்க வேண்டும். மிதக்க விட்டதை ஒரே தட்டில் திரும்பக் கட்டவும் வழி வேண்டும்.

"மிதப்பதுதானே வசதி?" என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். கேள்வி நியாயமானது, அறிவியலும் ஓரளவு உங்கள் பக்கம்தான். 1954இல் அமெரிக்க உளவியலாளர் பால் ஃபிட்ஸ் ஒரு சோதனை செய்தார். இரண்டு உலோகத் தகடுகளை மாறி மாறி ஒரு கோலால் தட்டச் சொன்னார். தகடுகளுக்கு இடையிலான தூரம் கூடினாலும், தகட்டின் அகலம் குறைந்தாலும், கைக்கு எடுக்கும் நேரம் கூடியது. தூரத்தை இரண்டால் பெருக்கி அகலத்தால் வகுத்தால் ஓர் எண் கிடைக்கும். அந்த எண் இரண்டின் எத்தனையாவது அடுக்கோ, அதுதான் அந்த வேலையின் கடின அளவு.

மவுஸுக்கும் இது பொருந்தும். நீங்கள் வரைந்துகொண்டிருக்கும் இடத்திலிருந்து 512 பிக்சல் தள்ளி, 32 பிக்சல் அகலமுள்ள பொத்தான் ஒன்று கட்டிய பலகையில் இருக்கிறது. 1024ஐ 32ஆல் வகுத்தால் 32. இரண்டின் ஐந்தாம் அடுக்கு. கடின அளவு 5. அதே பொத்தான் மிதக்கும் பலகையில் 64 பிக்சல் பக்கத்தில் இருந்தால் 128ஐ 32ஆல் வகுக்க வேண்டும். 4 வருகிறது. கடின அளவு 2. கைக்கு மிச்சம்தான், மறுக்கவில்லை.

ஆனால் ஃபிட்ஸின் சோதனையில் தகடுகள் எங்கே இருக்கின்றன என்று தேட வேண்டியிருக்கவில்லை. அவை மேசையில் அசையாமல் கிடந்தன. மிதக்கும் பலகை அப்படியா? படத்தை மறைக்கிறது என்று தள்ளி வைப்பீர்கள். இன்னொன்றை மறைக்கும், மறுபடியும் தள்ளுவீர்கள். ஒவ்வொரு முறையும் கண் முதலில் தேட வேண்டும், பிறகுதான் கை புறப்படும். வீட்டில் மசாலா டப்பா எந்தத் தட்டில் இருக்கிறது என்று அம்மா பார்த்தா எடுக்கிறார்? கட்டிய பலகையும் அப்படித்தான், சில நாளில் கைக்கே மனப்பாடம் ஆகிவிடும்.

கட்டிய பலகைக்கு இன்னொரு சலுகையும் உண்டு. மவுஸ் அம்பு திரையின் விளிம்பைத் தாண்டாது. சாளரம் திரை முழுவதும் விரிந்து, பொத்தானும் விளிம்பைத் தொட்டு நின்றால், எவ்வளவு வேகமாக வீசினாலும் அம்பு அங்கேயே முட்டி நிற்கும். குறி பார்க்க வேண்டியதில்லை. பொத்தானுக்கும் விளிம்புக்கும் நடுவே ஒரே ஒரு பிக்சல் இடைவெளி விட்டால்கூட இந்தச் சலுகை போய்விடும். அழகுக்காக இடைவெளி விடும் வடிவமைப்பாளர்கள் மீது எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு.

இனி ஜிம்ப் என்ற இலவசப் பட மென்பொருளின் கதைக்கு வருவோம். 1995இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் அதைத் தொடங்கினார்கள். பல ஆண்டுகள் அதன் கருவிப்பெட்டி தனிச் சாளரம், படம் தனிச் சாளரம், அடுக்குகள் தனிச் சாளரம். யுனிக்ஸ் வகைக் கணினிகளில் வளர்ந்த பிள்ளை அது. அங்கே பல பணித்தளங்களை வைத்துக்கொண்டு ஒன்றை முழுக்க ஜிம்ப்புக்கே ஒதுக்கலாம். சாளரங்கள் சிதறிக் கிடந்தாலும் தொல்லை இல்லை. அதே மென்பொருள் விண்டோஸுக்கு வந்தபோது, திறந்து கிடந்த மற்றச் சாளரங்களுக்கு நடுவே அதன் துண்டுகள் கலந்துபோயின. பயனர்கள் பல ஆண்டுகள் முறையிட்டார்கள். 2012இல் வெளியான 2.8 பதிப்பில் எல்லாவற்றையும் ஒரே சாளரத்தில் கட்டும் வசதி வந்தது, விருப்பத் தெரிவாக. 2018இல் 2.10 பதிப்பில் அதுவே தொடக்க நிலையானது. மிதக்க விரும்புகிறவர்களுக்குப் பழைய வழியும் இருக்கிறது. நான் கேட்பதும் இந்த வரிசையைத்தான்.

இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மிதக்கும் பலகை உண்மையில் மென்பொருளின் கட்டுப்பாட்டில் மட்டும் இல்லை. அது ஒரு சாளரம், சாளரங்களை ஆள்வது இயங்குதளம். மெக்கில் வேறொரு செயலிக்கு மாறினால் மிதக்கும் கருவிப் பலகைகள் பெரும்பாலும் தாமாகவே மறைந்துவிடும், திரும்பி வந்தால் தோன்றும். விண்டோஸில் அவை முதன்மைச் சாளரத்தோடு ஒட்டி அதன் மேலேயே நிற்கும், அதைச் சிறிதாக்கினால் சேர்ந்து மறையும். லினக்ஸில் இப்போது பரவிவரும் வேலண்ட் என்ற முறையில், ஒரு செயலி தன் சாளரத்தைத் திரையின் இன்ன இடத்தில் வை என்று கேட்கவே பொதுவாக வழியில்லை. உங்கள் பள்ளியில் ராஸ்பெரி பை 4 அல்லது 5 இருந்தால், 2023இல் வந்த அதன் இயங்குதளமும் வேலண்டுக்கு மாறிவிட்டது. பலகை இருந்த இடத்தை மென்பொருள் நினைவில் வைத்திருந்தாலும், அங்கேயே திரும்ப வைக்க முடியாது. கட்டிய பலகைக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. அது முதன்மைச் சாளரத்துக்குள்ளேயே இருப்பதால் மூன்று இயங்குதளங்களிலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும்.

முப்பரிமாண மென்பொருளான பிளெண்டர் இதை அடியோடு கையாண்டது. முதன்மைச் சாளரத்தை ஒன்றன்மேல் ஒன்று ஏறாத பகுதிகளாகப் பிரித்துவிட்டு, பொத்தான்களையும் தானே வரைந்துகொள்கிறது. எந்தக் கணினியில் திறந்தாலும் அதே முகம்.

(இந்தச் சின்னப் பலகைகளுக்காக நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா? தாவல்களோடு கூடிய பலகைகளுக்குத் தான் காப்புரிமை பெற்றிருப்பதாகச் சொல்லி அடோபி நிறுவனம் மேக்ரோமீடியா மீது வழக்குப் போட்டது. 2002 மே மாதம் நடுவர் குழு அடோபிக்கு 28 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது. சில நாள்களிலேயே, வேறு காப்புரிமைகளுக்காக மேக்ரோமீடியா போட்ட எதிர்வழக்கில் அடோபி 49 லட்சம் டாலர் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. 2005இல் அடோபி மேக்ரோமீடியாவையே வாங்கிவிட்டது.)

கட்டிய பலகைக்கு விலை இல்லாமல் இல்லை. 1366 பிக்சல் திரையில் இடப்பக்கம் 80, வலப்பக்கம் 300 பிக்சல் பலகைகளுக்குப் போனால் வரைவதற்கு மிஞ்சுவது 986. ஏறக்குறைய 72 விழுக்காடு. 1920 பிக்சல் திரையில் அதே பலகைகள் இருந்தால் 80 விழுக்காடு மிஞ்சும். பழைய கணினி வைத்திருக்கும் மாணவருக்கே இழப்பு அதிகம் என்பது எனக்கு உறுத்துகிறது. அதற்காகப் பலகையை மிதக்க விடத் தேவையில்லை. ஒரே விசையில் ஓரமாக மடக்கி, மறுபடி விரிக்கும் வழி இருந்தால் போதும். இரண்டு திரைகளை வைத்து வேலை செய்யும் படக்கலைஞர்களுக்கோ மிதக்கும் பலகை உண்மையிலேயே தேவைப்படும். அவர்களிடமிருந்து அதைப் பறிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை.

உங்களில் பைத்தான் கற்று, போட்டிகளுக்காகச் சொந்த மென்பொருள் எழுதுகிறவர்கள் இருக்கிறீர்கள். சிலர் கியூட்டி நூலகத்தைப் பயன்படுத்துகிறீர்கள். அதில் ஒரு கட்டிய பலகையைச் சேர்த்தால், நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டாலும் அதை நகர்த்தலாம், மிதக்க விடலாம், மூடலாம். தலைப்பில் தெரியாமல் இருமுறை தட்டினாலே மிதக்கத் தொடங்கிவிடும். மூடிய பலகையைத் திரும்பத் திறக்க மெனுவில் ஒரு வரி சேர்த்தீர்களா? பெரும்பாலும் இல்லை. உங்கள் கணினியில் எல்லாம் உங்களுக்குத் தெரியும், அதனால் தோன்றுவதில்லை. "பலகைகளைப் பழைய இடத்தில் வை" என்று மெனுவில் ஒரு வரி சேர்ப்பது அரை மணி நேர வேலை. மென்பொருள் திறக்கும்போது, நினைவில் உள்ள எண் இன்றைய திரைக்குள் வருகிறதா என்று சோதிப்பது நாலைந்து வரி நிரல். எங்கள் கணினிக்கூடத்து மென்பொருளை எழுதியவர் அந்த நாலைந்து வரியை எழுதியிருந்தால் அந்த மாணவியின் சுவரொட்டி கணினியிலேயே முடிந்திருக்கும்.

இந்த வாரம் ஒன்று செய்து பாருங்கள். வீட்டில் தொலைக்காட்சியையோ பள்ளியில் புரொஜெக்டரையோ இரண்டாவது திரையாக இணைத்து, நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் மென்பொருளின் பலகை ஒன்றை அதில் மிதக்க விடுங்கள். மென்பொருளை மூடி, கம்பியைக் கழற்றி, மீண்டும் திறந்து பாருங்கள். பலகை திரும்பி வந்தால் நல்லது. வராவிட்டால், எந்த இயங்குதளம், எந்தப் பதிப்பு, எந்த வரிசையில் என்னென்ன செய்தீர்கள் என்று ஆய்வு அறிக்கை எழுதுவது போலவே எழுதி, மென்பொருளை உருவாக்கியவர்களுக்கு அனுப்புங்கள். ஜிம்ப், பிளெண்டர் போன்றவற்றில் பிழைகளைத் தெரிவிக்க எல்லாருக்கும் வழி திறந்திருக்கிறது. வயதைக் கேட்க மாட்டார்கள்.