மணல் மலிவு, கவசம் ஏன் காஸ்ட்லி?

ஹாஸ்டல் சுவத்துல இருக்குற வெள்ளை பெயிண்டை ஒரு தடவை பாருங்க. அந்த வெள்ளைக்குக் காரணம் டைட்டானியம் டை ஆக்சைடு. அதுக்கான இல்மனைட் தாது நம்ம கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி கடற்கரை மணல்லயே கிடைக்குது. பூமியின் மேலோட்டில் அதிகமா இருக்குற தனிமங்கள்ல டைட்டானியத்துக்கு 9-வது இடம். அப்புறம் ஏன் டைட்டானியக் கவசம்னாலே எல்லாரும் விலையைக் கேட்டு ஓடுறாங்க?

"அது ரொம்ப அபூர்வமான மெட்டல்டா"ன்னு மூணாவது வருஷம் வரைக்கும் நானும் நம்பினேன். தப்பு. விலை மணல்ல இல்ல, அதை உலோகமா மாத்துற வழியில இருக்கு.

இன்னைக்கும் நாம நம்பியிருக்கிறது 1940-ல் பேடன்ட் ஆன க்ரோல் முறையைத்தான். தாதுவைக் குளோரினோட சேர்த்து டெட்ராகுளோரைடு ஆக்கணும். அதை மெக்னீசியம் வெச்சு ஒடுக்கணும். கிடைக்கிற ஸ்பாஞ்சை வெற்றிடத்துல உருக்கணும், பெரும்பாலும் ஒரு தடவைக்கு மேல. சூடான டைட்டானியம் காத்துல இருக்குற ஆக்சிஜனை இழுத்துக்கும், அதான் இவ்வளவு பாடு.

ஆனா பலன் பெருசு. ஸ்டீலோட அடர்த்தி 7.8, டைட்டானியம் 4.5 தான். அமெரிக்காவோட ஏ-10 போர் விமானத்துல பைலட்டைச் சுத்தி சுமார் 540 கிலோ டைட்டானியத் தொட்டியே இருக்கு. ஒரு பைலட்டுக்குச் சரி. நூத்துக்கணக்கான வண்டிகள்ல போற ஜவான்களுக்கு?

இங்கதான் மலிவான அலாய் வருது. வழக்கமான அலாய்ல 6% அலுமினியம், 4% வனேடியம். வனேடியம் விலை ஜாஸ்தி. '425' அலாய்ல வனேடியத்தை 2.5% ஆக்கி, 1.5% இரும்பு சேர்த்தாங்க. அதைக் குளிர் நிலையிலேயே தகடா உருட்டலாம். அமெரிக்க ராணுவத்தோட கவசத் தகட்டு ஸ்பெக்கும், ஆக்சிஜன் கூடுதலா இருக்குற தகட்டுக்குத் தனி கிளாஸே வெச்சிருக்கு. விமான இன்ஜின் பாகத்துக்குத் தேவையான சுத்தம் கவசத்துக்கு வேண்டாம். அதனால ஸ்கிராப்பைச் சேர்த்து, எலக்ட்ரான் பீம்ல ஒரே தடவை உருக்கினாலும் போதும்.

மலிவுன்னா மட்டம்னு அர்த்தம் இல்ல. ஆக்சிஜன் அளவு மீறினா தகடு நொறுங்கும், பின்பக்கம் சிதறி உள்ள இருக்குறவங்களையே குத்தும். அந்த எல்லையைச் சுட்டுப் பார்த்துதான் கண்டுபிடிக்கணும். அது கஷ்டமான வேலை, அதனாலதான் நல்ல ஆராய்ச்சி.

கேரளாவுல சவராவில் வருஷத்துக்கு 500 டன் திறன் உள்ள ஸ்பாஞ்ச் ஆலை இருக்கு. தொழில்நுட்பம் ஹைதராபாத் டி.எம்.ஆர்.எல். கொடுத்தது. ஆக, மணலும் இருக்கு, ஆலையும் இருக்கு.

என் ப்ராஜெக்ட் ரிவ்யூல ஸ்ட்ரென்த் கிராஃப் நாலு காட்டினேன். "கிலோ என்ன விலை வரும்?"னு ஒரு கேள்வி வந்துச்சு. முழிச்சேன். நம்ம ரிப்போர்ட்ல ஸ்ட்ரென்த், ஹார்ட்னஸ்க்குப் பக்கத்துல விலைக்கும் ஒரு காலம் போடுவோம். வாங்க முடியாத கவசம் யாரையும் காப்பாத்தாது.