நீச்சல் குளமும் தலைக்கணக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சிங்கப்பூரில் 2014ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ஆக்டிவ்எஸ்ஜி திட்டத்தின்கீழ் இயங்கும் பொது நீச்சல் குளங்களில் அவ்வப்போது உள்ள கூட்டத்தைப் புறப்படுமுன்னரே கைப்பேசியில் பார்த்துக்கொள்ள வசதி செய்திருப்பது சிலாக்கியமான காரியமே. ஆயினும், வாயிலில் விழும் தலைக்கணக்கொன்றையே பிரமாணமாகக் கொண்டு திறப்பு நேரங்களைக் கூட்டவும் குறைக்கவும் முற்படுவார்களேயானால், மறந்துவைத்த நீச்சல் கண்ணாடிக்காக வெளியே ஓடித் திரும்பும் சிறுவன் இருவராக எண்ணப்படுவதும், விடியற்காலையில் முழங்கால் வலிக்காகத் தண்ணீரில் மெல்ல நடைபோடும் நாலைந்து முதியவர்கள் சராசரியில் கரைந்துபோவதும் நிர்வாகத்தின் திருஷ்டிக்கு எட்டா. (மாலைக் கூட்டத்தில் அம்முதியவர்கள் இறங்கவே துணியார் என்பது வேறு விஷயம்.) நுழைவோரோடு வெளியேறுவோரையும் குறித்து, உயிர்காப்பாளர் பணிமுறையையும் துப்புரவு நேரத்தையும் அதன்படி வகுத்துக்கொள்ளட்டும், விடியற்காலை நேரத்தில் மட்டும் கைவைக்க வேண்டாம்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர், சிங்கப்பூர்