தண்ணீர் தெளித்தவருக்கும் மாலை!

ஐஸ் தரையின் மீது ஆடும் நடனம் ஒன்று இருக்கிறது. பூட்சின் அடியில் கத்தி போன்ற இரும்புத் தகடு. அந்தத் தகட்டின் மேல் நின்றுகொண்டு பம்பரம் போலச் சுற்றுவார்கள். துள்ளி எழும்பி, ஆகாயத்திலேயே மூன்று சுற்று சுற்றி, ஒற்றைக் காலில் இறங்குவார்கள். பார்ப்பவர்களுக்கு மூச்சு நின்றுவிடும். இதற்கு "பிகர் ஸ்கேட்டிங்" என்று பெயர்.

சிம்லாவில் 1920-ம் ஆண்டிலேயே இதற்கு ஐஸ் மைதானம் வந்துவிட்டது. அது குளிர் மலை. ராஜபாளையம் வெயிலில் நமக்குத் தெரிந்தது குச்சி ஐஸ்தான்!

ஆனாலும், அந்த விளையாட்டுக்காரர்களிடம் நாம் கற்றுக்கொள்ள வேண்டிய காரியம் ஒன்று உண்டு.

1976-ம் ஆண்டில் அமெரிக்காவில் இந்த விளையாட்டுக்குப் "புகழ் மண்டபம்" ஏற்படுத்தினார்கள். பதக்கம் வாங்கியவர்களின் பெயர்கள் அதில் இருக்கின்றன. அதில் அதிசயம் இல்லை. சொல்லிக்கொடுத்த ஆசிரியர்களின் பெயர்களும் இருக்கின்றன. விளையாட்டு வளரத் தொண்டு செய்தவர்களுக்கு என்று தனி வரிசையே இருக்கிறது!

அதே ஆண்டில் தோன்றிய உலகப் புகழ் மண்டபத்திலும் இதே வழக்கம்தான். அங்கே 2000-ம் ஆண்டில் ஒருவருக்கு இடம் கொடுத்தார்கள். பெயர், பிராங்க் சாம்போனி. ஸ்கேட்டிங்கில் பதக்கம் வாங்கியவர் அல்ல. ஐஸ் வியாபாரி!

ஐஸ் வியாபாரியின் கதை

சாம்போனி 1901-ம் ஆண்டில் பிறந்தவர். சின்ன வயதிலேயே பள்ளிக்கூடத்தை விட்டவர். தம்பியுடன் சேர்ந்து ஐஸ் கட்டி செய்து விற்றார். வீட்டுக்கு வீடு குளிர்சாதனப் பெட்டி வந்தது. ஐஸ் கட்டியை யார் வாங்குவார்கள்? வியாபாரம் படுத்தது.

"ஐஸ் செய்யத் தெரியும், அதில் ஆட இடம் செய்வோம்" என்று துணிந்தார். 1940-ம் ஆண்டில் கலிபோர்னியாவில் ஐஸ் மைதானம் திறந்தார்.

அங்கே ஒரு தொல்லை. ஆட ஆட, தகடு பட்டு ஐஸ் தரை கீறல் விழும். குண்டும் குழியுமாகும். ஆட்கள் இறங்கிச் சுரண்டி, அள்ளி, கழுவி, தண்ணீர் தெளித்து, அது உறையும் வரை காத்திருக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். பல ஆண்டுகள் முட்டி மோதி, 1949-ம் ஆண்டில் அவர் ஒரு வண்டியைச் செய்தார். அது ஓடிக்கொண்டே மேலே உள்ள ஐசைச் சீவும். சீவியதை வாரிக்கொள்ளும். பின்னால் தண்ணீரை மெல்லிசாகப் பரப்பிவிட்டுப் போகும். ஒரே ஆள் ஓட்டினால் போதும். சில நிமிடங்களில் தரை கண்ணாடி!

சாம்போனி 1988-ம் ஆண்டில் காலமாகிவிட்டார். தனக்கு மாலை விழுந்ததை அவர் பார்க்கவில்லை. அது ஒன்றுதான் குறை.

சென்னைக்காரர்

ஸ்கேட்டிங்குக்குத்தான் இப்படி என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவில் நியூபோர்ட் என்ற ஊரில் உலக டென்னிஸ் புகழ் மண்டபம் இருக்கிறது. 2024-ம் ஆண்டு ஜூலை 20-ந் தேதி அதில் இரண்டு இந்தியர்களுக்கு இடம் கிடைத்தது. ஆசிய ஆண்களில் அவர்களே முதல்வர்கள். ஒருவர் லியாண்டர் பயஸ். மற்றவர் நம் சென்னை விஜய் அமிர்தராஜ்.

அமிர்தராஜ் லேசான ஆட்டக்காரரா? விம்பிள்டனில் 1973-ம் ஆண்டிலும் 1981-ம் ஆண்டிலும் கால் இறுதி வரை போனவர். ஆனால் ஆட்டக்காரர் வரிசையில் அவரைச் சேர்க்கவில்லை. தொண்டு செய்தவர் வரிசையில்தான் சேர்த்தார்கள். 1980-களில் அவரும் அவருடைய தாயார் மேகியும் சென்னையில் டென்னிஸ் பள்ளி தொடங்கினார்கள். அதில் பயின்ற சிறுவர்களில் ஒருவர்தான் லியாண்டர் பயஸ்! பின்னால், 1996-ம் ஆண்டு ஒலிம்பிக்கில் இந்தியாவுக்கு வெண்கலப் பதக்கம் கொண்டுவந்தவர்.

பள்ளி நடத்தியவருக்கும், அதில் படித்தவருக்கும் ஒரே நாளில் மாலை. இது அல்லவா மரியாதை!

தஞ்சையில் பாருங்கள்

இது வெள்ளைக்காரர்களின் வழக்கம் என்று சொல்லாதீர்கள். தஞ்சைப் பெரிய கோவில் 1010-ம் ஆண்டு வாக்கில் கட்டி முடிந்தது. அதன் கல்வெட்டில் நடனப் பெண்கள் 400 பேரின் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. எந்தத் தெரு, எத்தனையாவது வீடு என்பதும் இருக்கிறது. குடை பிடிப்பவர், விளக்கு ஏற்றுபவர், தண்ணீர் தெளிப்பவர், துணி வெளுப்பவர், தையல்காரர் ஆகியோருக்கு எவ்வளவு நெல் என்பதையும் ராஜராஜ சோழன் கல்லில் வெட்டி வைத்தான்.

இன்று நாம் என்ன செய்கிறோம்? கோவிலுக்கு ஒரு குழல் விளக்கு வாங்கிக் கொடுத்தால், வெளிச்சமே வெளியில் வராத அளவுக்கு அதன் மேல் "உபயம்" எழுதுகிறோம். முப்பது ஆண்டு காலம் வெயிலில் நின்று, பிள்ளைகளை ஓடவும் தாண்டவும் பழக்கிய உடற்பயிற்சி ஆசிரியரின் பெயர் எங்கே எழுதி இருக்கிறது?

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 1985-ம் ஆண்டு முதல் பயிற்சியாளர்களுக்குத் துரோணாச்சாரியார் விருது கொடுக்கிறார்கள். முதல் ஆண்டில் அதை வாங்கியவர்களில் ஒருவர் ஓ.எம். நம்பியார். ஓட்டக்காரி பி.டி. உஷாவை உருவாக்கியவர். உஷாவுக்குப் பத்மஸ்ரீ பட்டம் 1985-ம் ஆண்டிலேயே கிடைத்தது. குருவுக்கு எப்போது? 2021-ம் ஆண்டில்! 36 ஆண்டுகள் கழித்து. அதே ஆண்டு ஆகஸ்டு மாதம் அவர் காலமானார்.

டெல்லி தாமதிக்கட்டும். ஊர் ஏன் தாமதிக்க வேண்டும்?

ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் திருவண்ணாமலை இருக்கிறது. (கார்த்திகைத் தீபம் ஏற்றும் மலை அல்ல; சீனிவாசப் பெருமாள் மலை.) புரட்டாசிச் சனிக்கிழமைகளில் அங்கே கூட்டம் அலைமோதும். அந்தக் கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள். "எனக்குக் கபடி சொல்லிக்கொடுத்தவர் இவர்", "எங்கள் மைதானத்துக் கல்லைப் பொறுக்கியவர் அவர்" என்று ஆளுக்கு ஒரு பெயர் சொல்வார்கள். பெயர்கள் இருக்கின்றன. எழுதி வைக்கத்தான் ஆள் இல்லை.

மண்டபம் வேண்டாம். பளிங்குக் கல்லும் வேண்டாம். ஒவ்வொரு பள்ளிக்கூட மைதானத்திலும் ஒரு பலகை போதும். ஆண்டுக்கு ஒரு பெயர். பணம் கொடுத்தவர், பதவியில் இருப்பவர் பெயர் அதில் ஏறக் கூடாது. உயிரோடு இருப்பவருக்கே முதல் இடம். பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டியவர்கள் அந்த மைதானத்தில் ஆடிய பழைய மாணவர்கள். அடுத்த ஆண்டு விழாவில் வாங்கப்போகும் வெள்ளிக் கோப்பைகளில் ஒன்றைக் குறைத்தால், பலகைக்கும் பெயிண்டுக்கும் காசு வந்துவிடும்.