படகு பறக்குது... கூலிக்காரன் சாகிறான்! மியாமி கடத்தல் காலம் சொல்லும் பாடம்

மியாமி: கரீபியன் கடலில் ஒரு படகு. வாலில் 4 எஞ்சின். மேலே இருந்து குண்டு விழுகிறது. ஒரே நெருப்புப் பிழம்பு. அம்புட்டுத்தான், 11 பேர் காலி!

2025 செப்டம்பர் 2-ந் தேதி நடந்த இந்தத் தாக்குதல் வீடியோவை அமெரிக்க அதிபர் டிரம்ப்பே வெளியிட்டார். வெனிசுலாவில் இருந்து போதைப்பொருள் கடத்தி வந்த கும்பல் என்றார். அது வெறும் தொடக்கம்தான். அந்த வருஷம் முடிவதற்குள் இதே மாதிரி தாக்குதல்களில் 100 பேருக்கு மேல் பலியானார்கள்.

வேகப் படகில் கடத்தல், பின்னாலேயே அரசாங்கத்தின் துரத்தல். இந்தக் கதை அமெரிக்காவுக்குப் புதுசு இல்லை. 100 வருஷப் பழசு. அதன் உச்சக்கட்டம் நடந்தது புளோரிடா மாநிலத்தின் மியாமி நகரத்தில். அதைப் புரட்டிப் பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். படகை எவ்வளவு துரத்தினாலும் கடத்தல் நிற்கவில்லை. மாட்டினவன், செத்தவன் எல்லாம் பெரும்பாலும் கூலிக்குப் போனவன்தான்.

சாராயக் கடத்தலில் பிறந்த பெயர்

அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை நாடு முழுக்க மதுவிலக்கு. குடிக்கிறவன் சும்மா இருப்பானா? மியாமிக்கு எதிரே கடலில் பகாமா தீவுகள். அதில் பிமினி என்ற குட்டித் தீவு சுமார் 80 கி.மீ. தூரம்தான். சென்னையில் இருந்து மதுராந்தகம் போகிற தூரம். அங்கிருந்து ராத்திரியோடு ராத்திரியாக சாராயம் வந்தது. கடலோர காவல்படையின் கண்ணில் மண்ணைத் தூவ, விமான எஞ்சினை எல்லாம் படகில் மாட்டி ஓட்டினார்கள்.

அந்தக் காலத்துக் கடத்தல் படகு ஒன்றின் பெயர் ‘சிகரெட்’. அந்தப் பெயரைத்தான் பிற்காலத்தில் ஒருவர் தன் கம்பெனிக்கு வைத்தார். அவர் டான் அரோனோவ்.

188-வது தெரு ராஜா

அரோனோவ் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் 1927-ல் பிறந்தவர். நியூஜெர்சியில் கட்டிடம் கட்டி விற்றுத் துட்டு பார்த்தவர். அப்புறம் மியாமிக்கு வந்தார். பொழுதுபோக்காகப் படகுப் பந்தயத்தில் இறங்கியவர், அதிலேயே கில்லாடி ஆகிவிட்டார். 1967, 1969 என்று 2 முறை உலக சாம்பியன்.

மியாமிக்கு வடக்கே 188-வது தெரு என்று ஒரு முட்டுச்சந்து. கால்வாய் ஓரம். அங்கேதான் அவருடைய படகுப் பட்டறைகள். ஃபார்முலா, டோன்சி, மேக்னம், சிகரெட் என்று வரிசையாக 4 கம்பெனி தொடங்கினார். ஒன்றைத் தொடங்குவார், பெயர் வாங்கித் தருவார், நல்ல விலைக்கு விற்பார். அப்புறம் அடுத்தது. எஞ்சின் சத்தம் இடி மாதிரி கேட்டதால் அந்தத் தெருவுக்கே ‘இடிப் படகு வீதி’ என்று பெயர் வந்தது.

படகின் சூட்சுமம் சிம்பிள். நீளம் அதிகம், அகலம் கம்மி. அடிப்பாகம் கத்தி மாதிரி கூர்மை. அலை மேல் மோதாமல் அதைக் கிழித்துக்கொண்டு போகும். மணிக்கு 100 கி.மீ.க்கு மேல் வேகம். உடம்பு ஃபைபர் கிளாஸ், உயரமும் கம்மி. அதனால் ரேடாரில் சட்டென்று சிக்காது.

பந்தயக்காரனுக்கு என்ன தேவையோ, அதுவேதான் கடத்தல்காரனுக்கும் தேவை! வம்பு தொடங்கியது அங்கேதான்.

பகலில் சாம்பியன்... ராத்திரியில் வேற தொழில்!

1970-களில் கொலம்பியாவில் இருந்து கஞ்சா மூட்டைகள் வந்தன. பின்னாலேயே கொக்கைன் வந்தது. பெரிய கப்பல் நடுக்கடலில் நிற்கும். சின்னப் படகுகள் போய்ச் சரக்கை ஏற்றி வரும். சில சமயம் விமானத்தில் இருந்து பகாமா கடலில் மூட்டையைப் போடுவார்கள். வேகப் படகு பாய்ந்து வந்து லபக்கென்று அள்ளிக்கொண்டு பறந்துவிடும். கடல் அமைதியாக இருந்தால் பிமினியில் இருந்து ஒரு மணி நேரத்துக்குள் கரை!

பணம் கொட்டியது. கூடவே ரத்தமும் கொட்டியது. 1979 ஜூலையில் மியாமியின் டேட்லேண்ட் வணிக வளாகத்தில் பட்டப்பகலில் துப்பாக்கிச் சண்டை. 1981-ம் வருஷத்தில் மட்டும் மியாமி இருக்கும் டேட் மாவட்டத்தில் 621 கொலை. பிணவறையில் இடம் பத்தாமல் குளிர்சாதன லாரியை வாடகைக்கு எடுத்துப் பிணங்களை வைத்தார்கள்.

அதே நேரம் படகுப் பந்தயங்களுக்கு ஏக மவுசு. கரையெல்லாம் கூட்டம். பந்தயத்தில் கோப்பை தூக்கிய சிலருக்குக் காசு எங்கிருந்து வந்தது என்பது பிறகுதான் வெளிச்சத்துக்கு வந்தது. உலக சாம்பியன் பட்டம் வென்ற ஜார்ஜ் மொராலஸ் மீது 1984-ல் கடத்தல் வழக்கு பாய்ந்தது. இன்னொரு பந்தய வீரர் பென் கிராமர், டன் கணக்கில் கஞ்சா கடத்தியதற்காக ஆயுள் தண்டனை வாங்கினார். 1989-ல் சிறை மைதானத்தில் ஹெலிகாப்டரை இறக்கித் தப்பப் பார்த்தார். ஹெலிகாப்டர் வேலியில் சிக்கி விழுந்ததுதான் மிச்சம்!

வில்லி ஃபால்கன், சால் மக்லூட்டா ஜோடி இன்னும் பெரிய கை. சின்ன வயசில் இருந்தே சேக்காளிகள். படகுப் பந்தயத்தில் ஹீரோக்கள். 75 டன் கொக்கைன் கடத்தியதாக 1991-ல் கைதானார்கள். 1996-ல் விடுதலை! எப்படி? ஜூரி குழுவின் தலைவரே லஞ்சம் வாங்கியது பிறகு அம்பலமானது. அப்புறம்தான் தண்டனை. மக்லூட்டாவுக்கு 205 வருஷம், பின்னர் அது 195 ஆகக் குறைந்தது. ஃபால்கனுக்கு 20 வருஷம். அவர் 2017-ல் வெளியே வந்துவிட்டார்.

துரத்துற படகும் அதே தெருவில்!

1982 ஜனவரியில் அதிபர் ரீகன் தனிப்படை அமைத்தார். பொறுப்பு துணை அதிபர் புஷ்ஷிடம். இந்த மூத்த புஷ்ஷும் ஒரு ‘சிகரெட்’ படகுக்குச் சொந்தக்காரர்தான். அரோனோவின் நண்பரும்கூட.

சுங்க இலாகாவின் படகுகளால் கடத்தல் படகைப் பிடிக்க முடியவில்லை. என்ன செய்வது? அரோனோவிடமே போனார்கள். அவர் ‘புளூ தண்டர்’ என்ற 39 அடி இரட்டை அடிப்பாகப் படகைச் செய்து கொடுத்தார். ஆக, ஓடுற படகும் ஒரே தெரு, துரத்துற படகும் அதே தெரு!

கூத்து அதோடு முடியவில்லை. புளூ தண்டர் செய்த கம்பெனியை 1985-ல் அரோனோவ் விற்றார். வாங்கியது யார் தெரியுமா? அதே பென் கிராமர் தரப்பு! கடத்தல்காரனைப் பிடிக்கிற படகைக் கடத்தல்காரனே செய்து தருவதா? விஷயம் தெரிந்து அரசு தரப்பு உஷாரானது. கடைசியில் கம்பெனி மறுபடி அரோனோவ் கைக்கே வந்தது.

1987 பிப்ரவரி 3. 188-வது தெருவில் தன் வெள்ளை பென்ஸ் காரில் இருந்த அரோனோவை, எதிரே இன்னொரு காரில் வந்த ஆசாமி சரமாரியாகச் சுட்டான். 59 வயதில் கதை முடிந்தது. கம்பெனி விற்ற தகராறுதான் காரணம், ஏவியது கிராமர் என்பது அரசு தரப்பு வழக்கு. சுட்ட பாபி யங் 1995-லும், கிராமர் 1996-லும் எதிர்த்து வாதாடாமல் தண்டனையை ஏற்றார்கள்.

இன்னொரு ஆச்சரியம். அரோனோவ் செத்த மறுநாள்தான் கொலம்பியாவில் கார்லோஸ் லெடர் சிக்கினார். பகாமாவின் நார்மன்ஸ் தீவையே வளைத்துப் போட்டுக் கொக்கைன் அனுப்பிய பெரும்புள்ளி. இரண்டு நாளில் இரண்டு பேரின் சகாப்தம் ஓய்ந்தது.

நண்டு பிடித்தவர்கள் கதை

பெரிய தலைகளின் கதை சினிமா ஆகும். சின்ன ஆட்கள் கதி? அதற்கு எவர்கிளேட்ஸ் சிட்டியைப் பார்க்க வேண்டும்.

புளோரிடாவின் மேற்குக் கரையில் சுமார் 500 பேர் வாழ்ந்த மீனவ ஊர். நண்டும் மீனும்தான் பிழைப்பு. சுற்றிலும் சதுப்புக்காடு, தேசிய பூங்கா. அந்தப் பூங்கா எல்லையில் தொழிலுக்காக மீன் பிடிப்பது 1985-க்குப் பிறகு கூடாது என்று அரசு உத்தரவு போட்டது. தலைமுறை தலைமுறையாக வலை போட்ட இடம் பறிபோனது.

அந்த ஊர்க்காரர்களுக்கு ராத்திரியில் கண்ணை மூடிக்கொண்டு படகு ஓட்டத் தெரியும். சதுப்புக்காட்டின் சந்து பொந்தெல்லாம் அத்துப்படி. கடத்தல் கும்பலுக்கு வேறென்ன வேணும்? மாசக் கணக்கில் நண்டு பிடித்தாலும் கிடைக்காத காசு ஒரே ராத்திரியில் கைக்கு வந்தது.

1983 ஜூலை 7. விடிகாலையில் 200-க்கும் மேற்பட்ட அதிகாரிகள் ஊரைச் சுற்றி வளைத்தார்கள். ஊருக்குப் போக வர ஒரே ரோடு. அதையும் அடைத்துவிட்டு வீடு வீடாகக் கதவைத் தட்டினார்கள். அடுத்தடுத்த ரெய்டுகளிலும் ஆம்பிளைகள் ஜெயிலுக்குப் போனார்கள். வருமானம் போய்க் குடும்பங்கள் தவித்தன.

தப்பு தப்புதான். ஆனால் பிழைப்பைப் பறித்த பிறகு இன்னொரு பிழைப்புக்கு வழி காட்டாததும் ஒரு காரணம் என்பதை மறுக்க முடியாது.

அடைத்தது ஒரு பாதை... திறந்தது இன்னொன்று

இத்தனை படகு, இத்தனை ரெய்டு. பலன் என்ன? 1980-களின் பிற்பாதியில் மியாமி கடல் வழி இறுகியது நிஜம். உடனே கொலம்பியக் கும்பல்கள் மெக்சிகோ பக்கம் திரும்பின. தரை வழியில் சரக்கு போனது. மெக்சிகோ கும்பல்கள் கொழுத்தன. அந்த நாடு இன்று வரை ரத்தம் சிந்துகிறது. கடலிலும் வேகப் படகு ஓயவில்லை. தண்ணீருக்குள் பாதி முங்கிப் போகும் படகுகளும் சேர்ந்துகொண்டன.

வாங்க ஆள் இருக்கிற வரைக்கும் விற்க ஆள் வருவான். இதுதான் 100 வருஷமாக நடக்கிற கதை.

எஞ்சினைச் சுட்டது அன்று... ஆளைச் சுடுவது இன்று!

அமெரிக்க கடலோர காவல்படை 1998-ல் ஒரு நல்ல வழி கண்டுபிடித்தது. ஹெலிகாப்டரில் குறி பார்த்துச் சுடும் வீரர். முதலில் எச்சரிக்கை. படகுக்கு முன்னால் தண்ணீரில் சுடுவார்கள். நிற்காவிட்டால் எஞ்சினைச் சுடுவார்கள். படகு நின்றுவிடும். ஆட்கள் உயிரோடு கைது. சரக்கும் கிடைக்கும், சாட்சியும் கிடைக்கும். அனுப்பியது யார் என்று விசாரித்து மேலே போகலாம்.

2025-ல் இந்தத் தாக்குதல்களில் அந்த வழி ஓரங்கட்டப்பட்டது. எச்சரிக்கை இல்லை, கோர்ட் இல்லை, நேராகக் குண்டு. இது பயங்கரவாதிகளுக்கு எதிரான போர், அமெரிக்க உயிர்களைக் காப்பாற்றத்தான் என்பது டிரம்ப் அரசின் வாதம். முதல் தாக்குதலில் தப்பி, உடைந்த படகோடு கிடந்த 2 பேரை அடுத்த குண்டு கொன்றது என்ற தகவல் பிறகு கசிந்து, அமெரிக்க பாராளுமன்றத்தில் பெரிய புயலே கிளம்பியது. அக்டோபரில் நடந்த இன்னொரு தாக்குதலில் 2 பேர் உயிர் தப்பினார்கள். அவர்கள் மீது அமெரிக்கா வழக்குப் போடவில்லை. ஊருக்கு அனுப்பிவிட்டது. அதில் ஈக்வடார்காரரை, ஆதாரம் இல்லை என்று அந்த நாடு விடுவித்தது.

செத்தவர்கள் யார்? ஏபி செய்தி நிறுவனம் வெனிசுலாவின் கடலோர ஊர்களுக்கே போய் விசாரித்தது. கடத்தலுக்குப் போனது உண்மைதான் என்று தெரிந்தது. ஆனால் அவர்களில் மீனவர் இருந்தார், பஸ் டிரைவர் இருந்தார். பலருக்கு அது முதல் அல்லது இரண்டாவது பயணம். கூலி, ஒரு நடைக்கு குறைந்தது 500 டாலர்.

அமெரிக்காவில் 2024-ல் அளவுக்கு மீறிய போதையால் செத்தவர்கள் சுமார் 80 ஆயிரம் பேர். அந்தக் குடும்பங்களின் கண்ணீரும் நிஜம். ஆனால் அங்கே அதிகம் பேரைக் கொல்வது ஃபென்டனில் என்ற மருந்து. அது பெரும்பாலும் வருவது மெக்சிகோ தரை எல்லை வழியாக. கரீபியன் கடலில் குண்டு போட்டு அதை எப்படி நிறுத்துவது?

முதலாளி மாளிகையில், வக்கீல் கோர்ட்டில், பணம் பாங்கில். படகில் இருப்பவன் மட்டும் கூலிக்காரன். எவர்கிளேட்ஸ் சிட்டியில் அவனைப் பிடித்து ஜெயிலில் போட்டார்கள். இப்போது குண்டு விழுகிற படகில் பிடிப்பதுகூட இல்லை. அவன் போன மறுநாளே அந்தப் படகுக்கு அடுத்த கூலிக்காரன் கிடைத்துவிடுவான்!